தம்பியின் தட்டைப் பார்த்து அம்மா திட்டாத ஆறு நாள்

என்னைப் பெற்றவளே, எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போன என் அம்மாவுக்கு,

உன் பிள்ளை வந்திருக்கிறான். உன் முதல் வருஷத் திதிக்காக அயர்லாந்திலிருந்து பத்து நாள் லீவில் வந்தவன், நாளை மறுநாள் திரும்பிப் போகிறான். இளைத்துவிட்டான். தாடி வேறு வைத்திருக்கிறான், நீ பார்த்தால் வாசலிலேயே நிறுத்திச் சண்டை போட்டிருப்பாய்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது அம்மா. காலையில் அடுகோடியில் பஸ் ஏறினால் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. திரும்பி வந்தால் வீட்டில் பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினமும் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்கிறார். சாப்பிட்டிருக்க மாட்டேன், ஆனாலும் "ஆய்த்து ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். சமைக்காமலே பல நாள் படுத்திருக்கிறேன்.

போன வருஷம் உன்னை ஐசியூவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பரீட்சை முடியற வரைக்கும் தம்பிகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். நீ திரும்பி வருவாய் என்ற தைரியத்தில்தான் பண்ணினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அவனுடைய கடைசிப் பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

அத்திபெலேயிலிருந்து ஓடி வந்த மாமாவும் அதையேதான் சொன்னார். "சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடுவான் கலா. ரெண்டு வருஷப் படிப்பும்மா. உங்கம்மா கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்." மகன் இருக்கும்போது மகள் கொள்ளி வைப்பதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நானே வைத்தேன்.

உன் ஃபோன் என்னிடம் இருந்தது. நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே, "தொண்டை கட்டிடுச்சு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு" என்று உன் பெயரில் அவனுக்கு மெசேஜ் போட்டிருந்தேன். அதனால் அவன் கூப்பிடவில்லை. ஆனால் தட்டை ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. நீதானே பழக்கினாய்? அதற்கு முன்பு நீ போட்ட பதில்களையெல்லாம் படித்தேன். "இது சோறா, கோழிக்கு இறைச்சதா?" "காய் எங்கடா?" "அந்த நூடுல்ஸத் தூக்கிக் குப்பைல போடு." ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறாயா? நீ ஆஸ்பத்திரியில் இருந்தவரை அதில் ஒன்றையே எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

உன்னை எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் ப்ரெட்டும் அவித்த முட்டையும் அனுப்பியிருந்தான். அவனைத் திட்ட எனக்குக் கை வரவில்லை. "நல்லா இருக்கு கண்ணா, சாப்பிடு" என்று போட்டேன். ஆறு நாளும் அப்படியேதான் போட்டேன். பரீட்சையன்று, "நல்லா எழுதியிருக்கேம்மா" என்று வந்தது. "சந்தோஷம் கண்ணா" என்று பதில் போட்டுவிட்டு, என் ஃபோனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். மூன்று முறை கட் பண்ணினான். நான்காவது முறை எடுத்தான். சொன்னேன். "சரிக்கா" என்றான், வைத்துவிட்டான்.

காரியத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வருஷம் முழுவதும் "ம்", "சரி", "வேலை இருக்கு", "ப்ராஜெக்ட் இழுக்குது", அவ்வளவுதான் பேச்சு. எனக்குக் கிடைக்க வேண்டிய தண்டனைதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

திதி முடிந்து மாமா கிளம்பிய பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"அக்கா, மெசேஜ் போட்டது நீதான்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரியும்."

"எப்படிடா?"

"அம்மா என்னிக்காவது என் தட்டைப் பாத்துத் திட்டாம விட்டுச்சா? மறுநாள் வேணும்னே வெறும் சிப்ஸ் பாக்கெட்டத் தட்டுல வச்சு அனுப்பினேன். அதுக்கும் நல்லா இருக்கு கண்ணான்னு வருது. நீ அம்மாவா பதில் போடுறேன்னா, வேற என்ன ஆயிருக்கும்?"

அந்த ஃபோட்டோவை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை அம்மா.

"அப்பவே என்னைக் கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீ சொல்லிடுவே."

குழாயை மூடினேன். அவன் நிறுத்தவில்லை. "அந்த எக்ஸாம நான் எழுதவே இல்லக்கா. பைய மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். காலேஜ் ஸ்டாப்புல இறங்கல. ஸ்டேஷனுக்குப் போயி நின்ன ட்ரெயின்ல ஏறிட்டேன். அது போய் நின்ன ஊர்ல கடல் இருந்துச்சு. மழை வேற. எக்ஸாம் முடியற நேரம் வரைக்கும் அங்க ஒரு பெஞ்சுல உக்காந்திருந்துட்டு, நல்லா எழுதியிருக்கேம்மான்னு போட்டேன்."

விட்ட பேப்பரை மறு பரீட்சையில்தான் எழுதினானாம். ப்ராஜெக்ட் இழுக்கிறது என்று என்னிடம் சொன்னதெல்லாம் அதற்குத்தான். எந்தப் பரீட்சைக்காக உன் சாவை மறைத்தேனோ அதையே அவன் எழுதவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். நீ கேட்டது தப்பா, நான் அதன்படி நடந்தது தப்பா அம்மா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அவனும் அழுதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். "கொள்ளிதான் வைக்க முடியல, காரியத்துக்காவது நான் வந்திருக்கணும்க்கா. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தது என் தப்புதான். ஆனா சொல்ல வேண்டியது நீதானே? அது என்னால மறக்க முடியல." குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

இன்று காலை அவன் பெட்டியில் பருப்புப்பொடி பொட்டலங்களைத் திணித்துக்கொண்டிருந்தேன். "நீ எப்படிக்கா இருக்கே?" என்றான். முன்பெல்லாம் ஃபோனில் கேட்பதுதான். "நல்லா இருக்கேன்டா" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"நல்லா இல்லடா. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். இந்த வீட்டுல தனியா உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியல."

பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "சொல்லு" என்றான். ஆபீஸுக்கு லீவு போட்டேன். மதியம் வரை சொன்னேன். அவனும் சொன்னான், நாலு பேர் ஒரே அறையில் படுத்தது, பகலிலேயே இருட்டிவிடும் குளிர்காலத்தில் மூன்று வாரம் வகுப்புக்கே போகாமல் கிடந்தது எல்லாம். இதில் எதுவும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்னிடம் வந்ததெல்லாம் தட்டு மட்டும்தான்.

உனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் காப்பாற்றிவிட்டேன் அம்மா. இப்போது இன்னொன்று பண்ணுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இனி அவனிடம் எதையும் மறைக்க மாட்டேன். எனக்கு ஒன்று என்றால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். பரீட்சை இருந்தாலும் சொல்வேன். வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்ளட்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேச்சைக் கேட்க மாட்டேன்.

உன் மகள்,
அவனுக்கு அக்கா,
கலா