பித்தளைப் பெட்டியில் பூச்சி உருண்டை

அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, இன்றுதான் உங்கள் அறையிலிருந்த றங்குப்பெட்டியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. உள்ளே என் சீதனப் பித்தளை: குடம், செம்பு, தாம்பாளம். நடுநடுவே வெள்ளை உருண்டைகள், சில கரைந்து கடுகளவாய், சில புதிதாய். பித்தளையைப் பூச்சி அரிக்குமா, அக்கா?

அது அத்தானுடைய பெட்டியின் மணம். மலாயாவுக்கு உழைக்கப் போன உங்கள் கணவர் வந்ததும் உடுக்கவென்று வேட்டி, சால்வை, கோட்டு எல்லாம் மடித்து வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்டி எடுப்பீர்கள். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக் கடிதம் நின்ற பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. "வந்தவுடனை மனிசன் எதை உடுக்கிறது?" என்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

பிறகு ஒருநாள் காலை ஊர் அதிகாரி விதானையார் வேலிப் படலைக்கு வந்தார். விமானம் இறக்க எங்கள் பக்கத்துக் காணியெல்லாம் பட்டாளத்துக்கு வேண்டுமாம். "பொழுதுபட முன்னம் எழும்பவேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உடுவிலில் மாமா வீடு இருந்தது. போவதற்கு ஒரு மாட்டுவண்டில் கிடைத்தது. நெல்லும் பாயும் ஏற்றி, படுக்கையில் கிடந்த ஐயாவையும் ஏற்றியபின், "ஒரு பெட்டிக்குத்தான் இடம் கிடக்கு, கெதியாய்!" என்று வண்டில்காரர் கத்தினார்.

என் பித்தளைப் பெட்டி படலையடியில். அத்தானின் பெட்டி வாசற்படியில். நான் படலையடியில் நின்று, "எந்தப் பெட்டி, அக்கா?" என்று கேட்டேன். நீங்கள் அடுப்படிக்குள் வறுத்த மாவைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். பதில் வருமுன் நான் வாசற்படிக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் உங்கள் குரல் வந்தது: "உதை விடு, அதை ஏத்து!"

எங்கள் பேச்சில் கேட்பவர் பக்கத்தில் இருப்பதுதானே 'உது'. நான் இன்னும் படலையடியில் நிற்கிறேன் என்று நினைத்து, பித்தளையை விடச் சொன்னீர்கள். என் கையோ அத்தானின் பெட்டியில் இருந்தது. உங்கள் மனம் எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்குக் கலியாணம் பேசியிருந்தது. அம்மா சேர்த்துவைத்த பித்தளையும் போனால் மாப்பிள்ளை வீடு என்ன சொல்லுமோ என்று பயம். சொல் என் பக்கம் விழுந்ததே போதும் என்று வாயை மூடிக்கொண்டு பித்தளையை ஏற்றினேன்.

"மற்றதை அடுத்த நடைக்கு எடுப்பம்" என்றார் வண்டில்காரர். அவர் திரும்பிப் போனபோது பட்டாளத்தார் முள்ளுக்கம்பி அடித்துவிட்டார்கள்.

உடுவிலில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினீர்கள். "நீ நான் சொன்னதைத்தானே செய்தனீ. என்ரை வாயிலைதான் பிழை" என்றீர்கள். அதற்குப்பின் 'உது' என்ற சொல் உங்கள் வாயில் வந்து நான் கேட்கவில்லை. செம்பை எடு, விளக்குமாற்றை எடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வீர்கள். "மச்சாள் பள்ளிக்கூடம் நடத்திறா" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

மாப்பிள்ளை வீட்டார் பித்தளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானும் வரவில்லை. பித்தளைப் பெட்டியை உங்கள் அறையில் வைத்துக்கொள்ளக் கேட்டீர்கள், கொடுத்தேன். இத்தனை காலமும் அதற்குள் எதைக் காத்தீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

கடைக்குப் போய்ப் புது உருண்டை வாங்கி வந்து போட்டிருக்கிறேன். அன்று ஒரு சொல் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். அது இன்னும் என் நாக்கிலேயே கிடக்கிறது.

எதை, அக்கா?