ஒப்பு நட்சத்திரம்

ஜனவரி 6, செவ்வாய்

காலையில் மலைமேல் மேகம். மாலையில் வானம் துடைத்தாற்போல். மழை முடிந்தது என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிவு. மில் லேபில் ஈரப்பத மீட்டர் மறுபடி பழுது, ஆளை வரச்சொல்ல. கட்டுரையின் கடைசித் திருத்தம்.

வானியல் பத்திரிகையில் எங்கள் கட்டுரை வெளிவரப்போகிறது. முதல் பெயர் தாவீது அண்ணனுடையது, இரண்டாவது என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு மாடி, அவர் தொலைநோக்கி, என் கேமரா. படம் எடுப்பது அவர், கணக்குப் போடுவது ராஜபாளையத்தில் நான். ஒரே ஒரு சிவப்பு நட்சத்திரம், ஒளி ஒழுங்கில்லாமல் கூடிக் குறைவது. நீலம், பச்சை, சிவப்பு பில்டர்களில் பல வருடமாக. அதன் நீல ஒளி மட்டும் மெல்லக் குறைந்துவருகிறது. இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. இதுவரை யாரும் சொல்லாதது.

தா. அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இப்போது இதயமும் சரியில்லை. கட்டுரையைப் பார்த்துவிட்டால் போதும் என்கிறாராம்.

ஜனவரி 9, வெள்ளி

பத்திரிகையிலிருந்து ஒரு சின்னக் கேள்வி. சரிபார்ப்பு நட்சத்திரத்தின் அளவை நீலத்திலும் சேர்க்க முடியுமா?

நியாயமான கேள்வி. தனியாக ஒரு நட்சத்திரத்தை அளக்க முடியாது. தூசி, பனி, கோபுர விளக்கு எல்லாம் சேர்ந்து ஏமாற்றும். பக்கத்தில் மாறாத ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பு நட்சத்திரம் உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று, சரிபார்ப்புக்கு. நாங்கள் பச்சையில் மட்டும் பார்த்தோம். நீலத்தில் அது மங்கல், விட்டுவிட்டோம்.

லீவு போட்டு உட்கார்ந்து பழைய படங்களை அடுக்கடுக்காகச் சேர்த்து அளந்தேன்.

மாறுவது எங்கள் நட்சத்திரம் இல்லை. ஒப்பு நட்சத்திரம்தான் நீலத்தில் மெல்லக் கூடிக்கொண்டு வருகிறது. அது கூடக்கூட எங்களுடையது குறைவதுபோல் தெரிந்திருக்கிறது.

சிவப்பை அளக்க, அதே நிறத்தில் ஒன்றோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. விதிப்படி சிவப்பாகத் தேடிப் பிடித்தோம். சிவப்பானவை பெரும்பாலும் நிலையாக நிற்பதில்லை என்பதும் இருவருக்கும் தெரியும்.

வேறு ஒப்பு நட்சத்திரம் வைத்துத் திரும்பக் கணக்கு. சரிவு இல்லை. ஒழுங்கில்லாமல் கூடிக் குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்ததுதான் மிச்சம்.

சாப்பிடவில்லை. பால் திரிந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

ஸ்ரீவி. பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன்கள். ஒருவன்: "ஏலே, அரியர் எம்புட்டுல?" மற்றவன்: "எண்ணலலே. எண்ணுனா பயமா இருக்கு."

அண்ணன் கீழ்ரூமில் கட்டிலில். கால் வீங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறி மாதக்கணக்காகிறது.

"வா கோமதி. அண்ணாந்து பாத்து கழுத்து போச்சேன்னு சொல்லுவேன்ல. இப்ப டாக்டரே மல்லாக்கப் படுன்னுட்டாரு. என்ன, நடுவுல கூரை இருக்கு."

கிருபை மதினி காப்பி கொண்டுவந்தார். "புக்கு வந்ததும் சபையில வச்சு ஜெபம் பண்ணணுமாம். பாஸ்டர்ட்ட சொல்லிட்டாவ."

எனக்கு ஜெபத்தில் நம்பிக்கை கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியும். "நீ வரவேண்டாம் தாயி, வெளிய நின்னு கேக்கைத் தின்னுட்டுப் போ" என்றார்.

சொல்லத்தான் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். திருத்தம் எப்படிப் போகிறது என்று கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். வந்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

விட்டுவிடலாம். யார் படிக்கப்போகிறார்கள்? அவர் போன பிறகு மெதுவாகத் திருத்தம் வெளியிடலாம். இரண்டு நாளாக இதே யோசனை.

ஆனால் எங்கோ ஒருவர் இந்த எண்களை எடுத்துத் தன் கணக்கில் போடுவார். நானே அப்படி மற்றவர்கள் எண்ணை எடுத்திருக்கிறேன்.

மதியம் பத்திரிகைக்கு எழுதினேன். தவறு இருக்கிறது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். முதல் ஆசிரியர் உடல்நிலை மோசம், அவருக்கு எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். 'பெறுகிறோம்' என்று பன்மையில் எழுதினேன். அவரைக் கேட்கவில்லை.

அவரிடம் தாமதமாகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தாமதம் அவர் ஆயுளைவிட நீளமாக இருக்கும். இப்படி யோசிக்க எனக்கு வருகிறது.

மீட்டர்காரன் வரவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஆளில்லாத வீட்டில் குக்கரில் வைத்தேன், அடிப்பிடித்தது.

பத்து மணிக்கு மதினி போன்.

"கோமதி, ஒரு மெயிலு வந்திருக்கு. அவியளுக்குக் கண்ணு கூசுதுன்னு நாந்தான் வாசிச்சுக் காமிப்பேன். வித்ட்ரான்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன தாயி?"

எடிட்டர் எழுதவில்லை. முதல் ஆசிரியருக்குத் தானாகப் போகும் மெயில். அப்படி ஒன்று போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"திரும்ப வாசின்னாவ. வாசிச்சேன். சோறு வேண்டாம்னுட்டாவ."

ஜனவரி 17, சனி

போனேன். பனி, பஸ் லேட்.

படங்களை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கவில்லை. சுவர்ப்பக்கம் படுத்திருந்தார்.

"ஒப்பு நட்சத்திரமா?"

"ஆமா அண்ணே. நீலத்துல."

"சரிதான். பாத்திருக்கணும்." சுவரைப் பார்த்தபடியே, "என்னைக்குத் தெரிஞ்சுது உனக்கு?"

"போன வாரம் வெள்ளிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை வந்திருந்தேல்லா."

படங்களை மடித்துப் பையில் வைத்தேன்.

"உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே."

மதினி வாசலில் நின்றிருந்தார். எதற்கோ பயந்தவர்போல் உள்ளே வரவில்லை.

"கோமதி, தப்பு எவனுக்கும் வரும். அதுக்குத்தான் ரெண்டு பேரா பாத்தோம். ஆஸ்பத்திரில கூட ரிப்போர்ட்டை என் கையிலதான் குடுக்காவ. இம்புட்டு நாள்தான்னு மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லுதாவ. நீதான் என்னைய நோயாளியா ஆக்கிட்ட."

உங்களுக்காகத்தான் என்று ஆரம்பித்தேன்.

"செத்தவனுக்குத்தான் அடுத்தவன் கையெழுத்துப் போடுவான். போ."

பஸ் ஸ்டாண்டில் நெடுநேரம் நின்றேன். இரண்டு ராஜை பஸ்களை விட்டுவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அண்ணன் போன் எடுக்கவில்லை. மதினியும்.

வானம் நல்ல சுத்தம். மீட்டர் சரியாகிவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

அவர் போனிலிருந்து செய்தி. மதினி தட்டியிருப்பார், வார்த்தை அண்ணனுடையது. "நாளைக்கு ஆஸ்பத்திரில இருப்போம். மாடிச் சாவி எதுத்த வீட்டுல. உன் கேமராவை எடுத்துக்கோ."

ஜனவரி 23, வெள்ளி

வெயில். ஸ்ரீவி. போனேன். எதிர்வீட்டு அம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அவியளுக்கு என்ன வேணும்?"

இதுவரை கூட வேலை பார்த்தவள் என்றேன். கொடுத்தார்.