அம்மா சொன்னதை நீ சொன்னாய்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ கொறக்காப் புளி போட்டு, அம்மா வைப்பது போல மீன் வற்றவைத்தார்கள். அந்த மணம் வேலி தாண்டி வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து உன்னைக் கூப்பிடுவது போல இருந்தது. நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. இதைச் சொல்ல வேறு ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அம்மா தெற்கே காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களப் பெண். அப்பா இந்தக் கல்லடி ஊர்க்காரர். ரயில் வேலைக்குப் போன இடத்தில் அம்மாவைக் கண்டு, கட்டிக்கொண்டு வந்தவர். வீட்டில் அப்பாவோடு தமிழ், அம்மாவோடு சிங்களம். எல்லா வீட்டிலும் அப்பாமாருக்கு ஒரு பாஷை, அம்மாமாருக்கு இன்னொன்று என்றுதான் பள்ளிக்கூடம் போகும்வரை நினைத்திருந்தேன்.

முற்றத்து மணலில் நீ கோடு கீறுவாய். "இந்தப் பக்கம் அப்பாட பாஷை, அந்தப் பக்கம் அம்மாட. மாறிக் கதைச்சா நீ வெளிய." நடுக்கோட்டில் நின்று "என்ன" என்பாய். அம்மாவின் பாஷையில் அதற்கு 'வா' என்று அர்த்தம். நான் ஓடி வந்தால், "நான் கேட்டது தமிழில" என்று சொல்லி என்னை வெளியேற்றுவாய். நான் அழுதால் அம்மா இரண்டு பேருக்கும் ஏசுவா. அப்பா நம்மை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போகும் நாட்களில் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தையும் சிங்கள எழுத்தையும் ஒன்றுக்கொன்று பொருத்தி நீயாகவே வாசிக்கப் பழகினாய். பிறகு எனக்கும் காட்டித் தந்தாய்.

தம்பி பிறந்த சமயம் உனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா ரயிலோடு கொழும்புக்குப் போயிருந்தார். ஆரையம்பதியிலிருந்து மருத்துவிச்சி வந்திருந்தா. மீன்காரியோடு விலை பேசும் அளவுக்கு அம்மாவுக்குத் தமிழ் தெரியும். ஆனால் நோவு கூடக்கூட அதெல்லாம் போய்விட்டது. "என்ன, என்ன" என்று அம்மா கூப்பிட, மருத்துவிச்சி "ஒண்டுமில்ல பிள்ள, பயப்பிடாத" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தா.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாய்.

"பிள்ளைகள் இஞ்ச வரப்படாது."

"அம்மா என்னெண்டு கேக்கல்ல. எங்கள வரச் சொல்றா. அவ கதைக்கிறது உங்களுக்கு விளங்காது. எனக்கு விளங்கும்."

மருத்துவிச்சி உன்னை ஒருதரம் பார்த்தா. "சரி, சுவர்ப் பக்கம் திரும்பி நில்லு. அவ சொல்றத அப்பிடியே சொல்லு."

நீ சுவரைப் பார்த்தபடி சொன்னாய். தலை வெடிக்குதாம். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதாம். கொஞ்சம் பொறுத்து, "இப்ப ஒண்டும் தெரியல்லயாம்" என்றாய். மருத்துவிச்சியின் கை நின்றது.

"வடிவாக் கேளு. மங்கலா, இருட்டா?"

நீ கேட்டாய். "இருட்டாம்."

"இது என்ட கையில நிக்காது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்" என்று அவ வண்டி பிடிக்க வெளியே ஓடினா. அந்த நேரம்தான் அம்மா உன் பக்கம் கையை நீட்டி "நங்கிவ பலாகன்ன" என்றா. தங்கச்சியைப் பார்த்துக்கொள். எனக்கும் அது விளங்கியது. திரும்பி வந்த மருத்துவிச்சி "என்ன சொல்றா?" என்று கேட்க, நீ முகம் மாறாமல் "தண்ணி கேக்கிறா" என்றாய்.

மாட்டுவண்டி பாலத்தைக் கடந்து பட்டணத்துக்குப் போனது. அம்மாவின் தலைமாட்டில் நீ இருந்தாய். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அப்பா வந்து, தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டதாகச் சொன்னார். அம்மாவின் கண் மெல்ல மெல்லத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

கொஞ்ச நாள் கழித்துக் கிணற்றடியில் உன்னிடம் கேட்டேன். "ஏன் மருத்துவிச்சியிட்டப் பொய் சொன்ன?"

"அது அவவுக்குச் சொன்னதில்ல. நமக்குச் சொன்னது" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை அள்ளி என் தலையில் ஊற்றினாய்.

அம்மா அதன் பிறகும் வெகுகாலம் இருந்தா. ஆனாலும் அன்று சொன்னதை நீ விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோதும், பிள்ளை பிறந்தபோதும், என் வீட்டுக்காரர் போனபோதும் முதலில் வந்து நின்றது நீதான்.

கடைசியாக ஆசுபத்திரியில், உன் குரல் இறங்கிப்போன பிறகு, அம்மாவின் பாஷையில் என்னிடம் ஒன்று சொன்னாய். மல்லி, அதுதான் நம் தம்பி, தனியாக இருக்கிறான், நேரத்துக்குச் சாப்பிட மாட்டான் என்று. கட்டிலருகில் நின்ற தாதிக்கு அது விளங்கவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தம்பி இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருகிறான். உப்பு கூடிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் தரமும் சோறு கேட்கிறான். உலை கொதிக்கிறது அக்கா. அவன் வரும் நேரமாகிறது, நான் எழும்புகிறேன்.