சோப்புப் போட்டுத் தேய்த்த மரம்

அன்புள்ள புஷ்பலதாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம், மானம்தான் கொஞ்சம் சுகமில்லை. கடல் தாண்டி வேலைக்கு வந்து, இந்த ஸ்கூடாய் ஊர்ப் பூங்காவில் ஒரு மரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

பட்டையெல்லாம் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று கோடு கோடாக இருந்தது. யாரோ விஷமத்துக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மேற்பார்வையாளர் மகேஸ்வரன் ஓடி வந்தார்.

"அலமாக்! அண்ணே, அதோட நிறமே அப்படித்தான் லா! இதுவும் யூகலிப்டஸ்ல ஒரு ஜாதி. நீலகிரிக்காரன், எல்லா ஜாதியும் தெரியும்னு சொன்னீங்களே?"

அந்தப் பொய்யை நம்பித்தான், மரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதும், நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலையை எனக்குத் தருவதாக இருந்தார். இனி துடைப்பம்தான் நிரந்தரம். பயப்படாதே, சம்பளம் குறையாது.

அவர் போனதும் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். நம் ஊர்த் தைலமரத்தின் வாசனை வரவேயில்லை. ஆனாலும் வெகுநேரம் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

யாராவது இங்கே வந்தால் ஒரு சீசா தைலம் கொடுத்தனுப்பு, சளிக்குத்தான். உன் பழைய சேலைத் துண்டில் சுற்றினால் உடையாது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்
தேவராஜ்

சிரிக்காதே. தைலம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து நீ வரும்போதெல்லாம், "அந்த நாத்தத்தோட உள்ளே வராதே" என்று குளிக்க விரட்டியவன் நான்தான்.