அந்தப் பக்கத்துச் சரிவு

ஜனவரி 11

விறகெல்லாம் ஈரம். அடுப்பு புகைந்து வீடே கண்ணைக் கசக்குகிறது. ஸான்யார் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சரக்குச் சுமை எடுத்துவர மலையேறிவிட்டான். போகும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான். நேற்று மறுபடியும் அதே ஜெர்மனிப் புராணம். சித்தப்பா மகன் அங்கே பிட்சா சுடுகிறானாம், இவனும் போய்ச் சுடப்போகிறானாம்.

“காலம் பூரா முதுகுல பாரம் தூக்கியே சாகணுமா நான்?” என்றான்.

“போறதுன்னா ஒரேயடியாப் போ. திரும்பி வராத” என்றேன்.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் பேச்சு வரும். வரட்டும், சூடாக ரொட்டி போட்டால் சரியாகிவிடுவான்.

ஜனவரி 13

மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அவன் வரவில்லை.

அவனோடு போன தம்பி, தானா, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்: “அந்தப் பக்கத்து ஊர்ல ஏதோ வேலை இருக்கு, நீங்க சுமையக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க, பின்னாலயே வர்றேன்னான் அண்ணி. நாங்க கணவாய் தாண்டினதும் பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு.”

போன் அணைந்து கிடக்கிறது. என்ன வேலை? என்னிடம் சொல்லாத வேலை என்ன?

ஜனவரி 21

அந்தப் பக்கத்துச் சுலைமானியா நகரப் பேருந்து நிலையத்தில் அவனை யாரோ பார்த்தார்களாம். பையும் கையுமாக நின்றானாம்.

போய்விட்டான்.

பிப்ரவரி 6

ஊர் முடிவு கட்டிவிட்டது. ரொட்டி சுடும் இடத்தில் கஸால் அக்கா என் காதுபடவே சொல்கிறாள்: “இந்நேரம் வெள்ளைக்காரி ஒருத்தி கிடைச்சிருப்பா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

ஜன்னலைத் திறந்தால் அந்த மலைதான். எங்கள் பக்கம் ஈரான், செங்குத்துப் பாறை. ஆட்டுக்குக்கூட மூச்சு வாங்கும். உச்சியில் எல்லைக்கல். அதைத் தாண்டினால் இராக். அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து கருவாலிக் காட்டுக்குள் இறங்கும், அரை மணியில் ஊர் வந்துவிடும். மலைக்கும் ஓரவஞ்சனை உண்டு. விட்டுப் போகிறவனுக்கு இறக்கம், காத்துக் கிடக்கிறவளுக்குச் சுவர்.

பிப்ரவரி 27

பனி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாசமாய்ப் போக அவன்.

மார்ச் 20

நவ்ரோஸ், புத்தாண்டு நெருப்பு. ஊரே சுற்றி நின்று ஆடியது. நான் அவனுடைய கம்பளி மேலங்கியைக் கொண்டுபோய் நெருப்பில் போட்டேன். எல்லோரும் பார்க்கத்தான் போட்டேன். தானா தலையைக் குனிந்துகொண்டான். கஸால் அக்கா மட்டும் “சபாஷ்” என்றாள்.

ரோஜின் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, அப்பாவுக்குக் குளிராதா?”

“ஜெர்மனில எல்லா வீட்லயும் ஹீட்டர் இருக்கு” என்றேன்.

ஏப்ரல் 17

எழுதிவிட வேண்டும்.

தானாவுக்குப் போன் வந்தது. அந்தப் பக்கத்து ஊர் இடையர் ஹமே மாமா. ஓடைப் பள்ளத்தில் பனி உருகியிருக்கிறது. ஆடு ஓட்டிப் போனவர் ஒரு கையைப் பார்த்திருக்கிறார். சட்டைப்பையில் அடையாள அட்டை. ஸான்யாரின் பெயர்.

செத்துப்போய்… இத்தனை நாளாக அங்கேயேவா?

முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமாம். ஓடும்போதே பனி அடிச்சிருக்கு. பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டுப் போனா விளங்குமா?” — யாரோ ஒரு ஆண் குரல். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

“சுமையோடயா, சுமை இல்லாமலா?”

“அடிப்பாவி, புருஷன் பொணமாக் கிடக்கான், இவ சரக்கக் கேக்குறா” என்றாள் கஸால் அக்கா. சொல்லட்டும். தானாவுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. இங்கிருந்து போகிறவன் வெறும் முதுகோடு போவான். சுமை எப்போதும் இந்தப் பக்கம்தான் வரும்.

ஹமே மாமா, “சுமையோடதாம்மா. தோள்ல கட்டின கயிறு கட்டினபடியே இருக்கு” என்றார்.

வந்துகொண்டிருந்திருக்கிறான். வீட்டுக்கு.

ஏப்ரல் 18

சாபம் கொடுத்தேனே. தினமும் கொடுத்தேனே. ஹீட்டர் இருக்கு என்றேனே, ஐயோ, பிள்ளையிடம் அப்படிச் சொன்னேனே. அந்நேரம் அவன் பனிக்குள்ளே கிடந்தான்.

பேருந்து நிலையத்தில் பார்த்தது யாரை? யாரைப் பார்த்துத் தொலைத்தார்கள்?

ஏப்ரல் 20

சாலை வழியாகக் கொண்டுவரக் காகிதம், முத்திரை என்று வாரக்கணக்கில் ஆகுமாம். ஊர் ஆண்கள் மலையேறினார்கள். எல்லைப் படைக்காரர்கள் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அந்தப் பாறை வழியில் பாடையோடு இறங்க முடியாது. தானா அண்ணனைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். வேறு யாரையும் தொட விடவில்லையாம்.

பின்மதியம் அடக்கம் செய்தோம்.

ஏப்ரல் 22

தானா இன்றுதான் வாய் திறந்தான். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினான். இவர்கள் அவனைத் தூக்கி வந்தபோது ஹமே மாமா எல்லைக்கல் வரைக்கும் கூடவே வந்து சொன்னாராம். ஸான்யார் அன்று தங்கியது பல்வலிக்கு. மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை வாங்கியிருக்கிறான். அவ்வளவுதான் அந்த வேலை.

“பனி கொட்டுது, ராத்திரி எங்க வீட்ல படுன்னு மாமா சொன்னாராம் அண்ணி. கேக்கல. பாதிவழில மாட்டினப்பக்கூட, சுமையப் போட்டுட்டு இறங்கியிருந்தா அரை மணில ஊரு. இறங்கினவன் எல்லாம் பொழச்சிருக்கான். இவன் கிடந்த கிடைய வெச்சு மாமா சொல்றாரு, மேலதான் ஏறிக்கிட்டு இருந்திருக்கான்.”

“ஏன்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வீட்ல சண்டை, இன்னைக்கே போகணும்னானாம்.”

ஏப்ரல் 26

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. “ஓடிப் போகல, உன்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தான். அது போதும்மா.” கஸால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலையாட்டினேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

எனக்குப் போதவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சரிவில் அவனை நிறுத்தித் திருப்பிவிடுகிறேன். இறங்குடா. கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கு. ஹமே மாமா வீட்டில் படுத்துக்கொள். விடிந்ததும் பையை எடு, சுலைமானியா போ, ஜெர்மனிக்கே போ. பிட்சா சுடு. வெள்ளைக்காரியைக் கட்டிக்கோ.

நான் இங்க உக்காந்து உன்னத் திட்டிக்கிட்டே இருக்கேன்.