வன்னிப் பேச்சில் ஒரு தேயிலை விளம்பரம்

தை 19, திங்கள். கிளிநொச்சி

காலையில் தூறல். கொழும்பு ரயில் தாமதம். அறையில் நுளம்புக் கடி.

வேலை: தேயிலைக்கு வானொலி விளம்பரம். அதில், பொழுதுபடும் நேரம் ஒரு மகன் வந்து வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறான். அம்மா தேநீருக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கிறாள். தெற்கில், சிங்களத்தில், நன்றாக ஓடியது. என் கொழும்புத் தமிழ் இங்கே எடுபடாது, ஊர்ப் பேச்சுக்கு மாற்றி வா என்று மனேஜர் என்னை அனுப்பினார்.

மாதர் சங்கத்து ரஜனி உதவி. இருவருமாக வசனத்தைத் திருத்தினோம். ‘கேட்’ போய் ‘படலை’. ‘வந்துட்டேன்’ போய் ‘வந்திட்டன்’. பக்கத்து ஊரான பரந்தனிலிருந்து ஓர் ஆசிரியர் குரல் கொடுத்தார்.

“அம்மா, படலையைத் திறவுங்கோ. நான் வந்திட்டன்.”

ரஜனி சிரித்தாள். “இப்பதான் எங்கட பெடியன் மாதிரிக் கிடக்கு.”

எனக்குப் பெருமை.

தை 20, செவ்வாய்

வெயில். சங்க மண்டபத்தில் பெண்களுக்குப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். தேயிலை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார்.

முன்வரிசையில் தவமணியம்மா என்ற வயதானவர். “இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளை.”

போட்டேன்.

“குரல் குடுத்தது ஆற்ற பிள்ளை?”

“ஒரு டீச்சர்தான், அம்மா. பரந்தன்.”

“தாய் இருக்கிறாவோ?”

“இருக்காங்க.”

“நல்லது.”

திரும்பும்போது ஓட்டோவில் ரஜனி சொன்னாள்: “2009இல சண்டை முடிஞ்ச நேரம் ஆமிக்காரர் தவமணியம்மான்ர மகனைப் பஸ்ஸில ஏத்திக் கொண்டுபோனவை. கண்ணால கண்டவா. பிறகு ஒரு தகவலும் இல்லை. மண்டபத்தில இருந்த மற்ற ஆக்களிலயும் அப்பிடிப் பிள்ளையளைத் தொலைச்சவை இருக்கினம்.”

“முதல்லயே ஏன் சொல்லல?”

“நீங்கள் பேச்சுச் சரியோ எண்டுதானே கேட்டனீங்கள்.”

இரவு வசனத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொழும்புத் தமிழிலேயே விட்டிருந்தால் அது வெறும் விளம்பரம். நான்தான் அதை அவர்கள் வீட்டுப் படலை வரை கொண்டுபோனேன்.

தை 21, புதன்

மனேஜரோடு போனில் சண்டை.

“அழுறாங்கன்னா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

“இதைக் கேட்டு யாரும் தேயிலை வாங்க மாட்டாங்க சார். எழும்பி வாசலுக்குப் போய்ப் பார்ப்பாங்க.”

மனேஜர் இன்னும் இரண்டு தடவை மறுத்துப் பார்த்தார். பிறகு: “வேற எழுது. நாளைக்கே வேணும். பழைய ரெக்கோர்டிங்கை அழிச்சிடு.”

தை 22, வியாழன்

மூட்டம். புதிது எழுதியாகிவிட்டது. வயலில் நெல் அருவி வெட்டும் பெண்கள், வரம்பில் தேத்தண்ணி, பகிடி, சிரிப்பு. யாரும் எங்கிருந்தும் வருவதில்லை. மனேஜருக்குச் சரியாம். நிம்மதி.

பின்னேரம் ரஜனியின் போனிலிருந்து தவமணியம்மா அழைத்தார்.

“பிள்ளை, அது எப்ப றேடியோவில வரும்?”

“வராதும்மா. நிப்பாட்டிட்டோம்.”

“ஏன்?”

“உங்களுக்கெல்லாம் கஷ்டமா இருக்கும்னு...”

“என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. அது வருமெண்டு நான் பின்னேரத்தில றேடியோவைப் போட்டுட்டு இருக்கிறன்.”

பிறகு “அதை என்ர போனுக்கு அனுப்பிவிடுவீங்களோ?” என்றார்.

தை 23, வெள்ளி

ரெக்கோர்டிங்கை இன்னும் அழிக்கவில்லை. குரல் அந்த ஆசிரியருடையது. அவரிடம் கேட்காமல் கொடுக்க மனமில்லை. காலையில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார்:

“அனுப்புங்கோ. ஆனா தேயிலையின்ர பேர் வாற இடத்தை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ.”

வெட்டினேன். விளம்பரப் பாட்டையும் வெட்டினேன். மிஞ்சியது கூப்பிடும் குரல் மட்டும். அனுப்பினேன்.

தவமணியம்மா உடனே போட்டுக் கேட்டதற்கு அடையாளமாகப் போனில் நீலக்குறி விழுந்தது.