தடித்த சாய்வெழுத்து

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கவில்லை. நீ நலமாக இருப்பதைப் பத்திரிகையில் அரைப்பக்கப் படத்திலேயே பார்த்துவிட்டேன். சற்று இளைத்திருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு.

கண்காட்சியில் வைக்க வேண்டும், நம் ஆங்கில எழுத்துருவின் பழைய வரைதாள்களை அனுப்பி வை என்று கேட்டிருந்தாய். 'நம்' என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பத்திரிகைப் பேட்டியில் அந்தச் சொல்லைத் தேடியும் கிடைக்கவில்லை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நேர் எழுத்துகள் நீ வரைந்தவை, அதை யாரும் மறுக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் செங்கல் வைத்தது போன்ற அந்தக் கட்டைப் பாதமும் உன் யோசனைதான். ஆனால் தடித்த சாய்வெழுத்து? நேர் எழுத்தை அப்படியே கணினியில் சாய்த்துவிட்டு, "அவ்ளோதான்கா, முடிஞ்சுது" என்று சொல்லி விமானம் ஏறினாய். சாய்த்ததும் வட்டமெல்லாம் நசுங்கிய முட்டை மாதிரி கோணிக்கொண்டது. சின்ன 'எம்'மின் மூன்று பாதங்களும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. இரண்டை வெட்டிவிட்டுக் கடைசிப் பாதத்தை மட்டும் வைத்த பிறகுதான் அது விழாமல் நடந்தது. அதைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள். மற்ற எழுத்துகளையும் முடிக்க ஏழு மாதம்.

நீ போன மூன்றாம் வாரம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அவர் தூங்கும் நேரத்தில்தான் வரைந்தேன். அதன்பின் நீ இந்த வாசலை மிதிக்கவே இல்லை.

"இப்போதைக்கு ஒரு பேர் போதும்கா, அப்புறம் உன் பேரையும் சேர்த்துடறேன்" என்றாய். ஆறு வருடம் ஓடிவிட்டது. உன் 'அப்புறம்' இன்னும் வந்து சேரவில்லை.

எழுத்து மட்டும் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. துளைபோடும் இயந்திரத்தின் பெட்டியில், தள்ளுபடிப் பதாகையில், பேருந்தின் முதுகில். நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி அச்சகத்துக்கும் முதலாளி வாங்கிப் போட்டுவிட்டார். என் மேசைக்கு வந்து, "பாரும்மா, என்ன வேகம், என்ன பலம்! நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றார். வராது சார் என்றேன். அன்று முழுக்க எலிமருந்துப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'அபாயம்' என்று என் எழுத்தை நானே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் 'தரை வழுக்கும்' என்று ஆங்கிலத்தில் ஒரு மஞ்சள் பலகை. அதிலும் அதே எழுத்து. அப்பா ஊன்றுகோலால் தொட்டுக் காட்டி, "என் பையன் செஞ்சது" என்பார். பலகையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நர்ஸ், "நல்லா உறுதியா இருக்கு தாத்தா" என்பாள். அவருக்கு அது போதும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது நீ பேட்டியில் சொன்னது: "அப்பா முன்னால் சாய்ந்து, ஒரு பாதத்தை அழுத்தி ஊன்றி நடப்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த நடைதான் இந்த எழுத்து."

அது நான் ஒருநாள் அலுப்பில் போனில் சொன்னது, அப்பா இப்போ நம்ம 'எம்' மாதிரியே நடக்கிறார்டா என்று. எழுத்தை எடுத்துக்கொண்டாய், போகட்டும். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த நாட்களையுமா எடுத்துக்கொள்வாய்?

அப்பாவுக்குப் பேட்டியை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கலாம். வயிற்றெரிச்சலில், வேண்டுமென்றே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "அவன் எப்பம்மா பார்த்தான்?"

இந்தக் கேள்விக்குத்தான் ஆறு வருடம் காத்திருந்தேன். சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "நான் வீடியோ அனுப்புவேன்பா" என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூடத்தின் கோடியில் நிற்கிறார். "எடும்மா, அவன் பார்க்கட்டும்" என்கிறார். கதவிலிருந்து ஜன்னல் வரை ஒன்பது அடி. எடுத்து அனுப்புகிறேன். பத்தொன்பது அனுப்பியாயிற்று. ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை என்று என் போன் சொல்கிறது. சாயங்காலம் ஆனால், "ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்கிறார். பிரமாதம் என்று சொன்னான்பா என்கிறேன். போன வாரம் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதை மட்டும் உனக்கு அனுப்ப வேண்டாம் என்றார்.

வரைதாள்களைத் தனிப் பொதியாக அனுப்புகிறேன். ஓரங்களில் அப்பாவின் மருந்து நேரமும் ரத்த அழுத்தமும் என் கையெழுத்தில் இருக்கும். அழிக்க மனம் வரவில்லை. கண்காட்சிக்கு இடைஞ்சல் என்றால் நீயே அழித்துக்கொள்.

பெயர் இனி வேண்டாம். கேட்டு வாங்கும் பெயர் ஒட்டாது. இந்த மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை வந்து அந்த ஒன்பது அடியைப் பார்த்துவிட்டுப் போ. வரவே முடியாதென்றால் அவருக்குப் போன் செய்து, "பார்த்தேன்பா, நல்லா நடக்கறீங்க" என்றாவது சொல். பொய் சொல்ல நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா தினமும் சொல்கிறார். நானும் சொல்லிவைக்கிறேன்.

அக்கா